கியூப் எங்க நிக்குது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ரூபிக்ஸ் கியூப் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம், நம்ம கொங்கு பக்கம் இத்தனை ஊடுகள்ல கியூப் சுத்துதுன்னு கடிதங்களைப் பார்த்ததும் தான் எனக்கே தெரிஞ்சுது, மனசு நெறஞ்சு போச்சுங்க. என்னைப் பத்தி ரெண்டு வரி. ஈரோட்டுல சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஊட்டு மொட்டை மாடில பொடுசுகளுக்கு கியூப் சொல்லிக் கொடுக்கறேன். 34 வயசுல என் பையனுக்காக கத்துக்க ஆரம்பிச்சு அவன் பாதில விட்டுட்டுப் போயிட்டான், நான் விடல. இப்ப எனக்கு சராசரி 19 விநாடி.

கியூப் தெரியாதவங்களும் படிப்பீங்க, அதனால ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஆர்னா வலது பக்கத்தை கடிகாரம் சுத்தற திசைல ஒரு கால் சுத்து, யுன்னா மேல் பக்கம், எஃப்னா முன் பக்கம். ப்ரைம்னு சேர்த்துச் சொன்னா அதையே எதிர் திசைல திருப்பறது, 2ன்னா அரைச் சுத்து. இந்தத் திருப்புகளை வரிசையா கோர்த்து வெச்சது தான் அல்காரிதம், பசங்க அல்கோன்னு சொல்லுவாங்க. கலைச்ச கியூப்பை ஒரு தடவை முழுசா சேர்க்கறது ஒரு சால்வ். கடைசி அடுக்குல மேல் பக்கத்தை ஒரே கலராக்கற அல்கோவெல்லாம் ஓஎல்எல், அப்பறம் அந்த அடுக்குத் துண்டுகளை அதது எடத்துல உக்கார வெக்கற அல்கோவெல்லாம் பிஎல்எல்.

கேள்வி: அக்கா, நான் ஒம்பதாவது படிக்கறேன். மூணு மாசமா 45 விநாடிலயே நிக்குது, கீழ எறங்கவே மாட்டேங்குது. தினமும் 50 சால்வ் போடறேன். 57 ஓஎல்எல், 21 பிஎல்எல் எல்லாம் மனப்பாடம் பண்ணுனா தான் 20 விநாடி வரும்னு ப்ரெண்டு சொல்றான். பண்ணட்டுங்களா?
– மாணவன், கோபிசெட்டிபாளையம்

வேண்டாம் கண்ணு, இப்போதைக்கு வேண்டாம். மொதல்ல ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாரு. சரி பண்ணி வெச்ச கியூப்பை எடுத்துக்க, ஆர், யு, ஆர் ப்ரைம், யு ப்ரைம், இந்த நாலையும் ஆறு தடவை திருப்பி திருப்பிப் போடு, மொத்தம் 24 திருப்பு, முடிச்சா கியூப் பழையபடி சரியாயிருக்கும். எத்தனை விநாடி ஆச்சுன்னு பாரு. 45 விநாடில இருக்கற பசங்களுக்கு எங்க மாடில பெரும்பாலும் ஆறு ஏழு விநாடி தான் ஆகும். ஆறுன்னே வெச்சுக்க, அப்படின்னா உன் கை விநாடிக்கு நாலு திருப்பு போடுது. நீ பண்ற சிஎஃப்ஓபி முறைல, அதாவது க்ராஸ், ஜோடிகள், ஓஎல்எல், பிஎல்எல்னு வரிசையா போடற முறைல, ஒரு சால்வுக்கு சுமாரா 60 திருப்பு. 60ஐ நாலால வகுத்தா 15 விநாடி. மிச்சம் 30 விநாடி எங்க போச்சு? கியூப் கைல சும்மா நின்னுட்டு இருந்துது, நீ அடுத்த துண்டு எங்கன்னு தேடிட்டு இருந்த, அவ்வளவு தான்.

எங்க அப்பா தறி ஓட்டுனவர். தறி ஓடற வேகம் எல்லாத்துக்கும் ஒண்ணு தான், மோட்டார் ஓட்டறது தானே, ஆனா வாரக் கடைசில ஒருத்தருக்கு துணி மீட்டர் எச்சா வரும் ஒருத்தருக்கு கம்மியா வரும். பாவு நூல் அறுந்து தறி நின்ன நேரம் தான் அந்த வித்தியாசம். ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு வந்து இன்னைக்கு எத்தனை மீட்டர்னு சொல்லவே மாட்டார், எத்தனை தடவை நின்னுதுன்னு தான் சொல்லுவார். நான் கியூப் பழகுன முதல் ஒரு வருசம் இது எனக்கு ஞாபகமே வரல, கை வேகம் கை வேகம்னு அடிச்சுட்டு இருந்தேன்.

சரி, எங்க நிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? போனை எதுக்காவது சாச்சு வெச்சு அஞ்சு சால்வ் வீடியோ எடு, அப்பறம் மெதுவா ஓட விட்டுப் பாரு. நான் பார்த்த வரைக்கும் உன் மாதிரி பசங்க எல்லாருக்கும் பெருசா நிக்கற எடம் ரெண்டு தான். ஒண்ணு, வெள்ளை க்ராஸ் (வெள்ளைப் பக்கத்துல கூட்டல் குறி மாதிரி சேர்க்கறது) முடிச்சதும் முதல் ஜோடியை, அதாவது ஒரு மூலைத் துண்டும் அதோட சேர வேண்டிய ஓரத் துண்டும், தேடற எடம். ரெண்டாவது, ஒரு ஜோடி உள்ள போனதும் அடுத்த ஜோடிக்கு கியூப்பை அக்கட்டயும் இக்கட்டயும் திருப்பித் திருப்பிப் பார்க்கற எடம். இந்த ரெண்டுலயும் ஓஎல்எல்லும் இல்ல பிஎல்எல்லும் இல்ல பாத்துக்க, அப்ப 57 அல்கோ மனப்பாடம் பண்ணி என்ன ஆகப் போகுது.

க்ராஸை கீழ வெச்சு போடு. மேல வெச்சு போட்டுட்டு கவுத்துப் போடறது பழக்கமா இருந்தா இன்னைக்கே நிறுத்து, ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், அப்பறம் பழகிரும். எப்படிக் கலைச்சிருந்தாலும் க்ராஸ் எட்டு திருப்புக்கு மேல தேவைப்படாது, முக்கால்வாசி ஆறு ஏழுலயே முடிஞ்சுரும். அதனால போட்டில ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பார்க்கறதுக்குக் கொடுக்கற 15 விநாடில க்ராஸ் முழுசையும் மனசுக்குள்ளயே போட்டுப் பார்க்கலாம். இப்படிப் பழகு: டைமர் இல்லாம, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பார்த்துக்க, பார்த்துட்டு கண்ணை மூடி க்ராஸ் போடு, தொறந்து பாரு. தினம் பத்து க்ராஸ் போதும். கண்ணை மூடிப் போட வந்துருச்சுன்னா தொறந்து போடும்போது கண்ணுக்கு வேற வேலை இருக்காது, முதல் ஜோடியைத் தேட ஆரம்பிச்சுரும்.

அப்பறம் மெதுவா சால்வ். இது தான் பசங்க யாருக்கும் பிடிக்காது. வேகத்தை பாதியாக் குறைச்சுக்க, ஆனா நிக்கவே கூடாதுன்னு ஒரே ஒரு விதி வெச்சுக்க. ஒரு ஜோடியை உள்ள தள்ளும்போது கை என்ன பண்ணுதுன்னு பார்க்காத, கைக்குத் தெரியும், கண்ணு அடுத்த ஜோடியைத் தேடட்டும். விநாடிக்கு ரெண்டே ரெண்டு திருப்பு, நிக்காம போட்டாலே 60 திருப்பு 30 விநாடில முடிஞ்சுரும் கண்ணு. உன் 45ல இருந்து 15 விநாடி கொறையுது, அதுவும் இப்ப திருப்பறதை விட மெதுவாத் திருப்பி! இதை நம்பறதுக்கு எனக்கே ரொம்ப நாள் ஆச்சு.

அல்கோ வரிசை வேணும்னா இது தான். ஒரே அல்கோல முடிக்காம ரெண்டு படியா பிரிச்சு முடிக்கறதுன்னா ஓஎல்எல்லுக்கு 10, பிஎல்எல்லுக்கு 6, ஆக 16 போதும் 25 விநாடி வரைக்கும். அப்பறம் 21 பிஎல்எல்லும் முழுசா. 57 ஓஎல்எல்லைக் கடைசில வெச்சுக்க, 20க்குக் கீழ போன பொறவு ஆற அமர கத்துக்கலாம், அது மிச்சம் பிடிச்சுக் கொடுக்கறது ஒண்ணு ரெண்டு விநாடி தான். தினம் 50 சால்வை 20 ஆக்கிட்டு அந்த நேரத்தை க்ராஸுக்கும் மெதுவா சால்வுக்கும் கொடு.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன். பிஎல்எல் அல்கோ பத்து கத்துக்கிட்டேன், ஆனா புதுசா ஒண்ணு கத்துக்கிட்டா பழசு ஒண்ணு மறந்துடுது, இல்லன்னா ரெண்டும் கலந்துடுது. பேப்பர்ல எழுதி ஒட்டி வெச்சுப் படிக்கிறேன், அப்படியும் பாதில நின்னுடுது.
– மாணவி, தாராபுரம்

அம்மிணி, பேப்பர்ல ஒட்டி வெச்சது தான் சங்கடமே. எழுத்து எழுத்தா மனப்பாடம் பண்ணுனா சால்வ் நடுவுல மூளை அந்த எழுத்தைத் தேடிப் போகும், போனா கை நிக்கும். அல்கோவை கை தான் ஞாபகம் வெச்சுக்கணும். நமக்கு செல்போன் நம்பர் எப்படி ஞாபகம் இருக்குது? பத்து எண்ணையும் தனித்தனியாவா சொல்றோம், துண்டு துண்டா தானே சொல்றோம்.

பிஎல்எல் அல்கோல ஒண்ணான டி பெர்ம்மையே எடுத்துக்க. பதினாலு திருப்பு. அதை இப்படி உடைச்சுக்கோ. ஆர், யு, ஆர் ப்ரைம், யு ப்ரைம், இது உனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச நாலு. அப்பறம் ஆர் ப்ரைம், எஃப், ரெண்டு. அப்பறம் ஆர் 2, யு ப்ரைம், ஆர் ப்ரைம், யு ப்ரைம். கடைசியா ஆர், யு, ஆர் ப்ரைம், எஃப் ப்ரைம். நாலு துண்டு, அவ்வளவு தான். ஒவ்வொரு துண்டையும் தனியா இருபது தடவை போடு, அப்பறம் ரெண்டு துண்டை ஒட்டிப் போடு, அப்பறம் முழுசா. சரியான கியூப்ல டி பெர்ம் ரெண்டு தடவை போட்டா பழையபடி சரியாயிரும், அதனால தப்பா போட்டியா சரியா போட்டியான்னு கியூப்பே சொல்லிரும், யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

இப்ப ஒரு நல்ல விசயம் சொல்றேன், எனக்கு இதைக் கண்டதும் அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. டி பெர்ம்மோட கடைசித் துண்டு இருக்கு பாரு, ஆர், யு, ஆர் ப்ரைம், எஃப் ப்ரைம், அந்த நாலை எடுத்து மொதல்ல போட்டுட்டு, மிச்சம் பத்தையும் அப்படியே வரிசையா போடு. அது ஜே பெர்ம்! பிஎல்எல்ல இருக்கற ரெண்டு ஜே பெர்ம்ல ஒண்ணு. நீ புதுசா ஒண்ணுமே மனப்பாடம் பண்ணல, வாலைத் தூக்கி தலைல வெச்ச அவ்வளவு தான், இன்னொரு அல்கோ வந்துருச்சு. இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சுட்டு இருக்கறது நெறைய. மேல மஞ்சள் கோடு வந்தா போடற எஃப், ஆர், யு, ஆர் ப்ரைம், யு ப்ரைம், எஃப் ப்ரைம், அதுல நடுவுல இருக்கறது அதே நாலு தானே? ஒரம்பரை மாதிரி தான் அம்மிணி, யாருக்கு யார் என்ன வேணும்னு தெரிஞ்சுட்டா பேரு மறக்காது.

கலந்து போறதுக்குக் காரணம் ஒரே நாள்ல ரெண்டு மூணு கத்துக்கறது தான். ரெண்டு நாளைக்கு ஒண்ணு போதும். காலைல பஸ்ஸுல வரும்போது அம்பது தடவை போடு, பார்க்காம, ஜன்னல்ல வெளிய வேடிக்கை பார்த்துட்டே போடு. அடுத்த நாள் தூங்கி எந்திரிச்சதும் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாரு, வந்துச்சுன்னா உன்னுது, வரலன்னா இன்னொரு நாள். ஒரு அல்கோவுக்கு ஒரு கைப்பிடி தான் வெச்சுக்க. இன்னைக்கு கட்டை விரல் கீழ, நாளைக்கு முன்னாடின்னு மாத்தி மாத்திப் பிடிச்சா கைக்கு அது வேற அல்கோ மாதிரி தெரியும். யு போட வலது ஆள்காட்டி விரல், யு ப்ரைம் போட இடது ஆள்காட்டி விரல், மணிக்கட்டு முழுசா சுத்தற வேலையே வேண்டாம்.

கேள்வி: நான் பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலருங்க. பையன் ஏழாவது. எந்நேரமும் கியூப்பும் கையும் தான், சாப்பிடும்போது கூட. இப்ப ரெண்டாயிரத்துக்கு மேல வெலை சொல்ற கியூப் வேணும்ங்கறான். இதனால கணக்கு நல்லா வரும்னு கடைக்காரர் சொல்றார். வாங்கிக் கொடுக்கறதா வேண்டாமா?
– ஒரு தாய், திருப்பூர்

வேண்டாமுங்க. காந்தம் வெச்ச நல்ல கியூப் ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்குது, திருப்பும்போது பக்கம் தானா வந்து நேரா உக்காந்துக்கும், 20 விநாடிக்கு அதுவே தாராளம். நானே அந்த மாதிரி ஒண்ணுல தான் 19க்கு வந்தேன். பத்து விநாடிக்குக் கீழ போறவங்களுக்குத் தான் வெலை எச்சான கியூப்போட அருமை கைல தெரியும்.

கணக்கு நல்லா வரும்னு நான் சொல்ல மாட்டேனுங்க. கியூப் போட்டா கியூப் நல்லா வரும். ஆனா ஒண்ணு நான் கண்ணால பார்த்திருக்கேன், ஒரு விசயத்தை துண்டு துண்டா உடைச்சு, தப்பு எங்கன்னு தேடி, அதை மட்டும் திரும்பத் திரும்பப் பண்ணி சரி பண்ணலாம்னு ஒரு தைரியம் அந்தப் புள்ளைங்களுக்கு வருது. அமெரிக்காவுல மேக்ஸ் பார்க்னு ஒரு பையன், ஆட்டிசம் இருக்கறவர், சின்னதுல விரல்களை வெச்சு வேலை செய்யறதே சிரமமா இருந்துதுன்னு தான் பெத்தவங்க கைல கியூப்பைக் கொடுத்தாங்க, அவர் 2023 ஜூன்ல 3.13 விநாடில முடிச்சு உலக சாதனை பண்ணுனார். 2025ல சீனாவுல ஒரு சின்னப் பையன் அதை 3.05 ஆக்கிட்டான். எல்லாப் புள்ளையும் அப்படி ஆகணும்னு சொல்லலீங்க, கியூப்பை வெறும் வெளையாட்டுச் சாமான்னு மட்டும் நினைச்சுராதீங்கன்னு சொல்றேன்.

சாப்பாட்டு நேரத்துல வேண்டாம்னு கண்டிப்பா சொல்லுங்க, தப்பே இல்ல. எந்நேரமும் கைல வெச்சு சும்மா திருப்பிட்டு இருக்கறதுல வேகம் வராது, பேசிட்டே டிவி பார்த்துட்டே போடற சால்வுல கண்ணு பழகாது. தினம் அரை மணி நேரம், அதுலயே மனசு வெச்சு உக்காந்தா போதும்.

அப்பறம் ஒரு வேண்டுகோளுங்க. ஒரு நாள் உங்க பையனை உங்க மெஷின் பக்கத்துல உக்கார வெச்சு நீங்க தைக்கறதைப் பார்க்கச் சொல்லுங்க. ஊசிக்கு அடில ஒரு பீஸ் ஓடிட்டு இருக்கும்போதே கைமடி எடுத்து வெச்ச அடுத்த பீஸு மேல உங்க கண்ணு போயிருமுங்களே, முதல் பீஸு முடியறதும் அடுத்தது நுழையறதும் ஒண்ணாவே நடக்குமே, மெஷின் சத்தம் நிக்கவே நிக்காதே. கியூப்ல இதுக்கு லுக் அஹெட்னு பேரு. உலகம் பூரா பசங்க இது வரலையேன்னு தவிக்கறாங்க, உங்க கைல அது இருபது வருசமா இருக்குது. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க என்னை விட நீங்க தானுங்க சரியான ஆளு.

கேள்வி: கியூப் இறுக்கமா இருந்துதுன்னு தேங்காயெண்ணெய் விட்டேன். ரெண்டு நாள் சூப்பரா ஓடுச்சு, இப்ப பிசுபிசுன்னு ஒட்டுது.
– வாசகர், பொள்ளாச்சி

பொள்ளாச்சில தேங்காயெண்ணெய்க்கா பஞ்சம், புரியுதுங்க, ஆனா கியூப்புக்கு ஆகாது, தூசியைப் பிடிச்சு வெச்சுக்கும். தையல் மெஷின் ஆயிலும் வேண்டாம், அது ப்ளாஸ்டிக்கையே கெடுத்துரும். கியூப்பைக் கழட்டி, துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் சோப்பு போட்டுக் கழுவி, நிழல்ல நல்லாக் காய வெச்சு மாட்டுங்க. நடுவுல இருக்கற ஸ்ப்ரிங், ஸ்க்ரூல தண்ணி படாம பாத்துக்கங்க. அப்பறம் கியூப்புக்குன்னே விக்கற சிலிக்கோன் மசகு எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு போதும். இறுக்கம்னா மொதல்ல பார்க்க வேண்டியது ஸ்க்ரூ தான், ஆறையும் ஒரே அளவா கால் சுத்து தளர்த்திப் பாருங்க.

கேள்வி: கடைசில ஒரே ஒரு கார்னர் (மூலைத் துண்டு) மட்டும் திரும்பி நிக்குது. எந்த அல்கோ போட்டாலும் சரியாகலை. மூணு நாளா போராடறேன்.
– வாசகர், காங்கேயம்

அந்தக் கார்னரைக் கையால பிடிச்சு அப்படியே முறுக்கி விட்டுருங்க, சரியாயிரும். ஏமாத்து இல்லீங்க. கீழ விழுந்தோ, வேகமா திருப்பும்போதோ அந்தக் கார்னர் தன்னால முறுக்கிட்டிருக்கும், முறையா திருப்பி ஒரே ஒரு கார்னர் மட்டும் திரும்பற நிலை வரவே வராது. கியூப்பைப் பிரிச்சு கண்ட மாதிரி மாட்டுனா 12ல ஒரு பங்கு தான் சரி பண்ணக்கூடிய கியூப்பா அமையும், மிச்சம் 11 பங்கும் என்ன பண்ணுனாலும் சேராது. அதனால பிரிச்சு மாட்டறதா இருந்தா எப்பவும் சரியான கலர்ல அடுக்கி மாட்டுங்க.

கேள்வி: எனக்கு 61 வயசு. கண்டக்டர் வேலைல இருந்து ஓய்வு. பேத்தி கியூப் போடறதைப் பார்த்து ஆசை. இந்த வயசுல வருமா? 58 வயசுல வள்ளி கும்மி கத்துக்கிட்டு ஆடறேன், கால் ஓடுது, ஆனா இதுக்கு மூளை ஓடுமான்னு தெரியலை.
– வாசகர், கரூர்

ஐயா, வள்ளி கும்மி ஆடறவருக்கு இது வராம எங்கீங்க போகும். கும்மில ஆசிரியர் மொதல் நாளே முழுப் பாட்டையும் வேகமா ஆட விட்டாருங்களா? ஒரு அடவு, மெதுவா, எல்லாரும் ஒண்ணா, கால் தப்புனா திரும்ப மொதல்ல இருந்து. அது பழகுன பொறவு தானே வேகம் ஏத்துனாங்க. இதுலயும் அதே தானுங்க. இந்த கியூப்பை 1974ல ஹங்கேரில எர்னோ ரூபிக்னு ஒரு கட்டடக்கலை வாத்தியார் செஞ்சார், செஞ்சவருக்கே கலைச்சதைத் திரும்பச் சேர்க்க ஒரு மாசம் ஆச்சுங்க. நீங்க ரெண்டு மாசம் எடுத்துக்கங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது.

மொதல்ல வெள்ளை க்ராஸ் மட்டும் ஒரு வாரம். அப்பறம் கீழ் அடுக்கு கார்னர் நாலு, அதுக்கு அந்த ஆர், யு, ஆர் ப்ரைம், யு ப்ரைம் ஒண்ணு தெரிஞ்சா போதும், கார்னர் சரியா உக்கார்ற வரைக்கும் அதையே போட்டுட்டு இருக்கலாம். அப்பறம் நடு அடுக்கு, அப்பறம் மேல் அடுக்கு. மொத்தமா ஏழெட்டு அல்கோல முழு கியூப்பும் சேர்ந்துரும். பேத்திகிட்டயே கத்துக்கங்க. அந்தப் புள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அதுக்கே நல்லாப் புரியும், நான் மாடில கண்டது அது. முழங்கை வலிச்சா, விரல் மரத்துப் போனா நிறுத்திருங்க, இழுத்துப் பிடிச்சு போடற வேலை வேண்டாம்.

கேள்வி: கல்லூரில படிக்கிறேன். அடுத்த மாசம் கோயமுத்தூர்ல முதல் போட்டி. ஊட்ல 22, 23 வருது. ஆனா நாலு பேர் பார்த்தாலே கை நடுங்கி 30 ஆயிடுது. சராசரி எப்படிப் போடுவாங்கன்னும் சொல்லுங்க.
– மாணவி, பெருந்துறை

கணக்கை மொதல்ல சொல்லிடறேன், அதுலயே பாதி பயம் போயிரும். 3x3க்கு ஒரு சுற்றுல அஞ்சு சால்வ். அதுல ரொம்ப நல்லது ஒண்ணையும் ரொம்ப மோசமானது ஒண்ணையும் தள்ளிட்டு நடுவுல இருக்கற மூணுக்குத் தான் சராசரி. உனக்கு 24.10, 22.56, 31.80, 23.34, 21.90 வந்துதுன்னு வெச்சுக்க. 31.80 போச்சு, 21.90 போச்சு. மிச்சம் மூணையும் கூட்டுனா 70, மூணால வகுத்தா 23.33. பாத்தியா, அந்த நடுங்குன 31.80 எங்கயுமே வரல. ஒரு சால்வ் கெட்டா கெடட்டும், அதுக்குத் தான் அந்த விதியே இருக்குது.

1982ல ஹங்கேரி புடாபெஸ்ட்ல முதல் உலகப் போட்டி நடந்துச்சு. மின் தாய்னு ஒரு பையன் ஜெயிச்சான், அவனோட நேரம் 22.95 விநாடி. இன்னைக்கு நீ கைல போடற சிஎஃப்ஓபி முறை யாரோட பேர்ல பரவுச்சோ அந்த ஜெசிகா ஃப்ரிட்ரிக்கும் அந்தப் போட்டில ஆடுனாங்க. மேல எழுதுன கணக்குல உன்னோட 22.56 இருக்குதில்ல, அது அன்னைக்கு ஜெயிச்ச நேரத்தை விடக் கம்மி அம்மிணி. அன்னைக்கு கியூப் வேற, கைல அல்கோவும் வேற, அது எனக்கும் தெரியும், இருந்தாலும் உலகமே வாயைப் பொளந்து பார்த்த நேரத்தை நீ ஊட்டுத் திண்ணைல உக்காந்து போடற, அதை மனசுல வெச்சுட்டுப் போ.

இப்ப கை நடுக்கம். பழகற எடத்துலயே போட்டியைக் கொண்டு வந்துரு. தினம் கடைசியா ஒரு அஞ்சு சால்வ் மட்டும் போட்டி மாதிரி போடு: யாரையாவது எதிர்ல உக்கார வை, அவங்களே கலைச்சுக் கொடுக்கட்டும், 15 விநாடி எண்ணட்டும், 8லயும் 12லயும் சத்தமா சொல்லட்டும், போட்டிலயும் நடுவர் அப்படித் தான் சொல்லுவாங்க. 15 தாண்டி ஆரம்பிச்சா தண்டனை நேரம் உண்டு. அந்த அஞ்சை நோட்டுல எழுது, நல்லா வரலன்னு திரும்பப் போடாத. ஊட்ல நமக்கு கெட்ட பழக்கம் என்னன்னா, மோசமா வந்தா இது கணக்குல இல்லன்னு அழிச்சுட்டு அடுத்ததுக்குப் போறது. போட்டில அழிக்க முடியாது.

என் முதல் போட்டில நான் பண்ணுன தப்பைச் சொல்றேன். நல்லா போட்டேன், டைமரை நிறுத்துனேன், கியூப்பைப் பார்த்தா மேல் அடுக்கு ஒரு திருப்பு பாக்கி. அவசரத்துல கடைசி யு போடவே இல்ல. ரெண்டு விநாடி கூட்டிட்டாங்க. கை தன்னால கியூப்பை எடுத்துத் திருப்பப் போயிருச்சு, நல்லவேளை பக்கத்துல இருந்த ஒரு சின்னப் பொண்ணு அக்கா தொடாதீங்கன்னு சொல்லுச்சு. நடுவர் பார்த்து முடிக்கற வரைக்கும் கியூப்பைத் தொடக் கூடாது, தொட்டுத் திருப்பிட்டா அந்த சால்வே போயிரும். அதனால நீ இப்ப இருந்தே கடைசி யுவைப் போட்டுட்டு, கியூப்பைக் கீழ விட்டுட்டு, அப்பறம் ரெண்டு கையும் டைமர்லன்னு பழகிக்க.

போட்டி அன்னைக்கு கை சில்லுனு இருந்தா விரல் ஓடாது, ஏசி ஹாலா இருந்தா வெந்நீர் பாட்டில் ஒண்ணு கொண்டு போயி பிடிச்சுட்டு உக்காந்துக்க. அப்பறம் மொத சால்வை வேணும்னே கொஞ்சம் மெதுவா போடு. பயத்துல கை வேகம் தன்னால ஏறும், கண்ணு அதுக்கு ஈடு கொடுக்காது, அப்பத் தான் நின்னு நின்னு 30 ஆகுது.

கேள்வி: எந்தக் கியூப்பையும் 20 திருப்புல முடிக்கலாமாமே, அப்பறம் நாம ஏன் 60 போடணும்?
– வாசகர், பவானி

உண்மை தாங்க, 2010ல கம்ப்யூட்டர் வெச்சு நிரூபிச்சுட்டாங்க, எப்படிக் கலைச்சாலும் 20க்கு மேல வேண்டியதில்ல. ஆனா கியூப்புக்கு நாலு லட்சம் கோடி கோடிக்கு மேல, அதாவது 43க்குப் பின்னாடி இன்னும் 18 எண்ணு வர்ற அளவுக்கு நிலைகள் இருக்குது. அந்த 20ஐ 15 விநாடில நம்ம மனசால கண்டுபிடிக்க முடியாது. 60 திருப்பும் கண்ணுக்குத் தெரிஞ்ச வழி, கை நிக்காத வழி. திருப்பைக் குறைக்கணும்னு ஆசை இருந்தா க்ராஸ்லயும் ஜோடி சேர்க்கறதுலயும் குறைங்க, ஒரு ஜோடிக்கு பன்னெண்டு திருப்பு போடறவங்க ஏழெட்டுக்கு வரலாம்.

கேள்வி: நானும் தம்பியும் ஒரே கியூப் வெச்சிருக்கோம். நான் எட்டாவது, அவன் அஞ்சாவது. யார் போடறதுன்னு தினமும் சண்டை, அப்பா பிடுங்கி பீரோல வெச்சுட்டார். இன்னொண்ணு வாங்கித் தரச் சொல்லி நீங்க எழுதுங்க அக்கா.
– மாணவன், பல்லடம்

அப்பாகிட்ட நான் எழுதறேன் சாமி, ஆனா ரெண்டாவது கியூப் கேட்டு எழுத மாட்டேன், அந்த ஒண்ணைத் திருப்பித் தரச் சொல்லி எழுதறேன். ஒரே கியூப்பா இருக்கறது உங்களுக்கு நல்லது தான். நீ போடும்போது தம்பி எதிர்ல உக்காந்து உன் கையையே பார்க்கட்டும், கியூப் நிக்கற ஒவ்வொரு தடவையும் நின்னுருச்சுன்னு சத்தமா சொல்லட்டும், ஒரு பேப்பர்ல கோடு போடட்டும். அப்பறம் கியூப் அவன் கைக்குப் போகும், பேனா உன் கைக்கு வரும். நேரம் எழுத வேண்டாம், கோட்டை மட்டும் எண்ணுங்க. ஒரு மாசம் கழிச்சு அந்தப் பேப்பரை எனக்கு அனுப்பி வைங்க, முதல் நாள்து ஒண்ணு, கடைசி நாள்து ஒண்ணு.